ஊட்டாவில் பக்கத்து வீட்டு மார்மன்கள்: பாத்திரத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கவிதா_லேஹி
8 அக்டோபர் 2024, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதம் முன்பு வேளச்சேரியிலிருந்து அமெரிக்காவில் ஊட்டா மாநிலத்தில் இருக்கும் லேஹிக்கு வந்தோம். கணவருக்கு இங்கே மென்பொருள் வேலை. பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 6. எங்கள் தெருவில் 14 வீடு. எங்களையும், மூலை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவரையும் தவிர எல்லோரும் மார்மன் (இயேசுவைக் கும்பிடும் ஒரு அமெரிக்கச் சபை).

போன மாதம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு பெல் அடித்தது. அலுமினியத் தாள் மூடிய கண்ணாடித் தட்டு, ஒரு ரொட்டி, பை நிறைய சாலட். "தட்டுக்கு அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே கூட வராமல் போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு வேறு வீடு. ஐந்து நாள், ஐந்து வீடு. ஒரு நாள் வந்த பதார்த்தம் இன்னொரு நாள் வரவில்லை. நாங்கள் சைவம் என்று முதல் நாள் சொன்னதோடு சரி, இரண்டாம் நாள் வந்தவருக்கு அது தெரிந்திருந்தது. எப்படித்தான் பேசிக்கொள்கிறார்களோ.

ஒரு வாரம் கழித்து இரண்டு பெண்கள் பார்க்க வந்தார்கள். நம் வீட்டு வழக்கப்படி முதல் டிகாஷனில் நுரை பொங்க ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெதுவாக டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இன்னொருவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். வாயில் வைக்கவே இல்லை. போகும்போது "கைக்கு நன்றாக இருந்தது" என்று சொன்னார். இவர்கள் காபியே குடிக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு ராத்திரிதான் கூகுளில் தேடித் தெரிந்துகொண்டேன். மானம் போயிற்று.

கேள்விகள்:
இதெல்லாம் எங்களை மதம் மாற்றுவதற்கான ஏற்பாடா? ஐந்து தட்டையும் எப்படித் திருப்புவது, வெறும் தட்டாகக் கொடுக்க மனசு வரவில்லை. அப்புறம், புதன்கிழமை சாயங்காலம் ஆனால் தெருவில் பையன் வயதுப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் காணாமல் போகிறார்கள். இவன் மட்டும் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறான். எங்கே போகிறார்கள்?

---

சோடா_ராஜா
8 அக்டோபர் 2024, இரவு 10:05

காபி கொடுத்தீர்களா! நல்லவேளை, பின்னாலேயே டீயும் கொடுக்கவில்லை.

---

பழைய_ஊட்டாக்காரன்
8 அக்டோபர் 2024, இரவு 11:52

வாங்க கவிதா. நான் ஊட்டாவிலேயே ஒரெம் என்ற ஊரில் 19 வருடமாக இருக்கிறேன். நான் மார்மன் இல்லை, ஆகப்போவதும் இல்லை. ஆனால் இவர்கள் நடுவில்தான் என் இரண்டு பெண்களும் வளர்ந்தார்கள். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் "வார்டு" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், மீதி எல்லாம் தன்னால் புரியும். நம் ஊரில் பிடித்த சர்ச்சுக்குப் போகலாம், பிடித்த கோவிலுக்குப் போகலாம். இங்கே அப்படி இல்லை. வரைபடத்தில் கோடு போட்டிருக்கும். உங்கள் வீடு எந்தக் கோட்டுக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் வார்டு. ஊட்டாவில் நான்கைந்து தெரு சேர்ந்தாலே ஒரு வார்டு ஆகிவிடும். பல வார்டு சேர்ந்தால் ஒரு "ஸ்டேக்". ஆகையால் தெருவில் எதிரே பார்க்கிறவர்களைத்தான் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சிலும் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை என்றாலும் வேறு வார்டுக்கு ஓட முடியாது.

இரண்டாவது, சம்பளம் வாங்கும் பாதிரியார் வார்டில் கிடையாது. பிஷப் என்பவர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர். என் பழைய தெருவில் பிஷப் ஒரு பல் டாக்டர். ஞாயிறு காலை ஆறு மணிக்கே கூட்டத்துக்குக் கிளம்புவார், வாரத்தில் இரண்டு ராத்திரி யாராவது ஒரு குடும்பத்தின் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து வருடம் போல அப்படி. பைசா வருமானம் இல்லை. அப்புறம் ஒருநாள் இறக்கிவிடுவார்கள், மறுவாரம் அவரே மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார். இதற்கு "காலிங்" என்று பெயர். நாமாகக் கேட்டு வாங்குவது இல்லை, கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பியானோ வாசிப்பவர், பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர், வருகைக் கணக்கு எழுதுகிறவர் என்று பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒன்று இருக்கும்.

உங்களுக்குச் சாப்பாடு அனுப்பியது ரிலீஃப் சொசைட்டி. பெண்கள் அமைப்பு, 1842-ல் இல்லினாயில் நாவூ என்ற ஊரில் ஆரம்பித்தது. முதல் தலைவி சபையை ஆரம்பித்த ஜோசஃப் ஸ்மித்தின் மனைவி எம்மா. ஒரு வீட்டில் பிரசவம், ஆபரேஷன், சாவு என்றால் உடனே ஒரு பட்டியல் சுற்றும். நம் ஊர்த் திருவிழாவில் மண்டகப்படி இருக்கிறதே, முதல் நாள் செட்டியார் வகையறா, இரண்டாம் நாள் ஆசாரிமார் என்று, அதேதான். ஆளுக்கு ஒரு நாள். நீங்கள் சைவம் என்பது பட்டியலில் பெயர் பக்கத்திலேயே ஏறியிருக்கும். (இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவிய பண்டம் வந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள். அதில் கோழி சூப் டப்பா ஒன்று உடைத்து ஊற்றியிருப்பார்கள். சாவு வீட்டுச் சாப்பாட்டில் அது இல்லாமல் இருக்காது, அதனால் அதற்குப் பெயரே "இழவு வீட்டு உருளை".)

மதம் மாற்றவா என்றால், பட்டியலில் பெயர் எழுதிய அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு அந்த எண்ணமே வந்திருக்காது. வியாழக்கிழமை என் முறை, அவ்வளவுதான். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்தால் சந்தோஷப்படுவாளா? படுவாள், மறைக்க மாட்டாள்.

புதன்கிழமைக்கு நாளை எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

---

ஜெபா_நெல்லை
9 அக்டோபர் 2024, காலை 7:15

நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. குடும்பம், இப்போது டென்வரில். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், ஆனால் இவர்களும் நாங்களும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். பைபிளுக்கு மேல் 1830-ல் அச்சான ஒரு புத்தகத்தையும் வேதம் என்கிறார்கள். பிதாவுக்குச் சரீரம் உண்டு என்கிறார்கள். நாங்கள் சொல்லும் திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது) அவர்களுக்கு இல்லை. 2001-ல் வாடிகனே அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

---

நொய்யல்கரை
9 அக்டோபர் 2024, காலை 9:30

ஜெபா அண்ணே, நீங்கள் சொன்ன வித்தியாசங்கள் உண்மைதான், மறுக்கவில்லை. நான் அந்தச் சபைக்காரன். கோயம்புத்தூர். அப்பா காலத்திலேயே சேர்ந்துவிட்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பது இயேசுவின் பெயரால்தான். திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீர், வித்தியாசம் அவ்வளவு. எங்களைக் கிறிஸ்தவர் இல்லை என்று நீங்கள் சொன்னால் வலிக்கிறது, ஆனாலும் வாதாட வரவில்லை.

இன்னொன்று, "மார்மன்" என்ற பெயரை விடச் சொல்லி 2018-லேயே அப்போது எங்கள் தலைவராக இருந்த ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. இழையின் தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. ஊரில் ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் விழுந்துவிடும்.

கவிதா அக்கா, நீங்கள் பார்ப்பது ஊட்டா. எங்களுக்கு ஊரிலே நான்கு தெருவுக்கு ஒரு வார்டெல்லாம் இல்லை. சின்ன சபை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சபை என்று பேப்பர்காரருக்குக்கூடத் தெரியாது. எனக்குக் கல்யாணம் ஆன பிறகு டெம்பிளில் (ஞாயிற்றுக்கிழமை சர்ச் இல்லை, விசேஷச் சடங்குகளுக்கான தனிக் கோவில்) முத்திரை பெற, அதாவது கல்யாணத்தை நித்தியத்துக்கும் என்று உறுதி செய்ய, ஹாங்காங் போக வேண்டியிருந்தது. மூன்று வருடம் காசு சேர்த்துப் போனோம். பெங்களூரில் டெம்பிள் வரும் என்று 2018-ல் அறிவித்தபோது என் அம்மா டிவி முன்னாலேயே அழுதுவிட்டார்.

---

பழைய_ஊட்டாக்காரன்
9 அக்டோபர் 2024, இரவு 8:20

புதன்கிழமை: பிள்ளைகள் சர்ச் கட்டடத்துக்குப் போகிறார்கள். 12 வயது ஆகும் வருடத்திலிருந்து வாரத்தில் ஒரு சாயங்காலம் இளைஞர் கூட்டம். பாதி ஜெபம், பாதி கூடைப்பந்து. இங்கே பெரும்பாலான சர்ச் கட்டடங்களில் நடுவில் கூடைப்பந்துத் திடல் இருக்கும், கேலி இல்லை. பையனை அனுப்புங்கள், தடை சொல்ல மாட்டார்கள். யாரும் இழுத்துப்போய்த் தண்ணீரில் முக்கவும் மாட்டார்கள், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. அவர்கள் பிள்ளைகளுக்கே எட்டு வயதில்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் யார் வீட்டு பெல்லையும் அடிக்காதீர்கள். அது குடும்பத்துக்கு என்று ஒதுக்கிய ராத்திரி. 1915-லேயே ஆரம்பித்த பழக்கம், பிறகு எல்லோருக்கும் திங்கள் என்று ஆக்கினார்கள். அன்றைக்குச் சபையில் ஒரு கூட்டமும் வைப்பதில்லை. பாட்டு, ஒரு சின்னப் பாடம், விளையாட்டு, கடைசியில் தின்பண்டம். பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்று நினைத்தால், ஒரு தடவை எங்களைக் கூப்பிட்டார்கள், போனோம். அப்பா பைபிள் வாசித்துக்கொண்டிருக்க, ஒருவன் சோபாவுக்குப் பின்னால் தலைகீழாக நிற்கிறான், ஒருத்தி தங்கையின் காதில் கிரேயான் சொருகுகிறாள், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "மரியாதையாக உட்கார்" என்கிறாள். பிரவுனி வந்ததும் எல்லோரும் பக்திமான்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமல், மிச்சமான அந்தச் செலவைப் பணமாகக் கொடுக்கிறார்கள். வார்டிலேயே யாராவது வாடகை கட்ட முடியாமல் இருந்தால் பிஷப் அதிலிருந்துதான் கொடுப்பார். மளிகை வேண்டுமென்றால் அதற்குச் சபையின் கிடங்கு தனி, அங்கே கல்லாப்பெட்டியே கிடையாது, பிஷப் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினால் சாமான். இதற்கும் மேலே வருமானத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒன்று. அது தனிக் கணக்கு.

காபிக்கு வருவோம். 1833-ல் ஜோசஃப் ஸ்மித் கொடுத்த ஆரோக்கிய விதியில் "சூடான பானங்கள்" கூடாது என்று இருக்கிறது. அது காபியும் தேயிலையும்தான் என்று பொருள் கொண்டார்கள். சாராயம், புகையிலையும் இல்லை. ஆனால் சூடான சாக்லேட் தாராளமாகக் குடிப்பார்கள். ஆகவே சூடு பிரச்சினை இல்லை. அடுத்த தடவை பாதாம் பால் கொடுங்கள். சுக்குக் காபிகூடக் கொடுக்கலாம், அதில் காபி ஏது? பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.

---

சோடா_ராஜா
9 அக்டோபர் 2024, இரவு 8:41

காபி இல்லாத ஊர் என்று பரிதாபப்படாதீர்கள். காஃபின் தடை இல்லை என்று 2012-ல் சபையே தெளிவாகச் சொல்லிவிட்டது. பெட்டிக்கடை மாதிரி தெருவுக்குத் தெரு சோடாக்கடை. ஸ்விக் என்ற கடை 2010-ல் செயின்ட் ஜார்ஜில் ஆரம்பித்து வைத்த வினை. டயட் கோக்கில் தேங்காய் சிரப், எலுமிச்சை, மேலே பால் கிரீம். "அழுக்கு சோடா" என்று பெயர். காலை எட்டு மணிக்கு ஒரு லிட்டர் டம்ளரோடு வரிசையில் நிற்கும் அம்மாக்களைப் பார்த்தால், கும்பகோணம் டிகிரி காபிக்கடை வாசல்தான் ஞாபகம் வரும். நான் ஒரு தடவை குடித்தேன். பன்னீர் சோடா மேல் மரியாதை கூடியது.

---

மதுரை_வசந்தி
10 அக்டோபர் 2024, காலை 6:10

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

என் மகன் மேல்படிப்புக்கு ஊட்டா போனான். இரண்டாம் வருடம் போனில் "அம்மா, நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன்" என்றான். அவன் அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, 2016 ஜூலையில் கல்யாணம். தங்கமான பெண், அதில் குறை இல்லை.

கல்யாணம் டெம்பிளில். டெம்பிள் வேறு, ஞாயிற்றுக்கிழமை போகும் சர்ச் வேறு. சர்ச்சுக்கு யாரும் போகலாம். டெம்பிளுக்குள் போக பிஷப்பிடம் பேட்டி கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். தசமபாகம் கட்டுகிறாயா, காபி குடிக்கிறாயா என்பதெல்லாம் கேட்பார்கள். உறுப்பினர் இல்லாத எங்களுக்கு அந்தச் சீட்டு எங்கே கிடைக்கும்? ஆக மதுரையிலிருந்து இருபத்தாறு மணி நேரம் பயணம் செய்து போன அப்பா அம்மாவுக்கு மகன் கல்யாணத்தைப் பார்க்க முடியாது.

நம் வீட்டில் பெற்றவர்கள் இல்லாமல் ஒரு சடங்கு நகருமா? பாத பூஜை யாருக்கு? தாரை வார்ப்பது யார்? அங்கே எங்கள் வேலை வெளியே கல் பெஞ்சில் உட்கார்வது. நான் அரக்குக் கலரில் பட்டுப்புடவை, மல்லிகை கிடைக்காததால் ரோஜா. பூச்செடிகள் வரிசையாக, புல் வெட்டி, அவ்வளவு அழகான தோட்டம். எனக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை.

பெஞ்சின் அடுத்த முனையில் ஒரு வெள்ளைக்காரர், அறுபது வயதிருக்கும், கோட்டு டை எல்லாம் போட்டிருந்தார். கையில் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய காபி. "மகன் கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கு மகள். மூன்றாவது. மூன்றுக்கும் இந்தப் பெஞ்சுதான்" என்றார். அதே சபையில் பிறந்து வளர்ந்தவராம். நம்பிக்கை போய்விட்டது, வெளியே வந்துவிட்டாராம். மூன்று பெண்களும் உள்ளே மண்டியிட்டுக் கல்யாணம் செய்துகொண்டபோது இவர் வெளியே காபி குடித்தார். அவர் என் கணவருக்கும் ஒரு காபி வாங்கி வந்து கொடுத்தார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இரண்டு பேரும் குடித்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்து வந்தார்கள். வெள்ளை உடையில். என் மகன் என்னைத்தான் தேடினான், அதைப் பார்த்தேன். உள்ளே எதிரெதிராகக் கண்ணாடி வைத்திருப்பார்களாம், மண்டியிட்டவர்கள் உருவம் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்குமாம், "சாகும்வரை" என்று இல்லாமல் என்றென்றைக்கும் என்று கட்டிவைப்பார்களாம். அவன் சொல்லித்தான் தெரியும்.

சாயங்காலம் வரவேற்பு சர்ச் கட்டடத்தில், மேலே ஒருவர் சொன்ன அதே கூடைப்பந்துத் திடலில். வளையத்தைச் சுற்றி விளக்குச் சரம் போட்டிருந்தார்கள். பெண்ணின் அம்மாவிடம் ஒரு பத்து நிமிடம் கேட்டேன். அந்த வளையத்துக்குக் கீழே நிற்கவைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன தாலியை என் மகன் கட்டினான். நாதஸ்வரம் போனில். அந்த அம்மா என்னைவிட அதிகமாக அழுதார்.

கவிதா, அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த வரவேற்புக்கு நாற்காலி போட்டது முதல் தட்டு கழுவியது வரை வார்டுக்காரர்கள்தான், ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு வரைக்கும்தான் நாம் சொந்தக்காரர்கள்.

---

நொய்யல்கரை
10 அக்டோபர் 2024, காலை 8:55

அம்மா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஒரு விவரம் மட்டும். அமெரிக்காவில் அப்போது இருந்த விதி, முதலில் வெளியே கல்யாணம் செய்துகொண்டால் டெம்பிள் முத்திரைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது. அதனால்தான் யாரும் வெளியே செய்யவில்லை. இந்தியா மாதிரி நாடுகளில் சட்டப்படி வெளியே செய்தே ஆக வேண்டும், எனவே எங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. என் கல்யாணத்துக்குச் சபையில் இல்லாத என் பெரியப்பாதான் முன்னால் நின்றார். 2019 மே மாதம் எல்லா நாட்டுக்கும் அந்த ஒரு வருடத்தை எடுத்துவிட்டார்கள்.

---

மதுரை_வசந்தி
10 அக்டோபர் 2024, காலை 9:20

தெரியும் தம்பி. மருமகள்தான் அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னாள். மூன்று வருடம் முன்னால் வந்திருக்கலாம் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

---

வெளியே_வந்தவர்_மனைவி
10 அக்டோபர் 2024, மதியம் 1:45

அந்தப் பெஞ்சுக்காரர் கதை என் வீட்டுக்கதை. என் கணவர் ஐடஹோவில் ஆறு பிள்ளைகள் உள்ள மார்மன் குடும்பத்தில் நான்காவது. 19 வயதில் பிரேசிலுக்கு மிஷனரியாகப் போனவர். இரண்டு வருடம். மாதம் 400 டாலர் குடும்பமே கட்ட வேண்டும் (2020-லிருந்து 500). அந்தக் காலத்தில் வீட்டுக்குப் போன் என்றால் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம், இரண்டு நாள்தான். வாரா வாரம் பேசலாம் என்று 2019-ல்தான் விட்டார்கள். அந்த இரண்டு வருடத்தில்தான் சமைக்க, துணி துவைக்க, முகத்தில் கதவைச் சாத்தினால் சிரிக்க எல்லாம் கற்றுக்கொண்டேன் என்பார். இன்றைக்கும் போர்ச்சுகீசு பேசுவார். அதே ஆள் 31 வயதில் வெளியே வந்தார். காரணங்கள் பல. பலதார மணத்தின் வரலாறு ஒன்று. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை ஆசாரியப் பட்டம் கொடுக்காதது ஒன்று. பணம் ஒன்று: பிற்பாடு 2023-ல், முதலீடுகளைப் பல கம்பெனிப் பெயர்களில் மறைத்ததற்குச் சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்த்து ஐம்பது லட்சம் டாலர் அபராதம் கட்டியபோது, "பத்தில் ஒன்று நானும் போட்டேனே" என்று சிரித்தார்.

வெளியே வந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். யாரும் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. மாமியார் இன்றைக்கும் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புகிறார். ஆனால் அவர்கள் நம்பிக்கைப்படி குடும்பம் என்பது நித்தியத்துக்கும் முத்திரை போட்டது. ஒரு கண்ணி கழன்றால் மேலுலகத்தில் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலி. மாமியார் என் கணவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலியைத்தான் பார்க்கிறார். கோபம் என்றால் சண்டை போட்டுத் தீர்க்கலாம். இதற்கு என்ன செய்வது?

---

குறும்பன்77
10 அக்டோபர் 2024, மதியம் 2:30

எல்லாம் சரி, ஆளுக்கு எத்தனை மனைவி? அப்புறம் அந்த விசேஷ உள்ளாடை பற்றி...

---

நெறியாளர்
10 அக்டோபர் 2024, மதியம் 2:48

குறும்பன், உங்கள் இரண்டாம் பகுதியை நீக்கிவிட்டேன். பூணூலையோ சிலுவையையோ கேலி செய்தாலும் இங்கே நீக்குவோம், அதே விதி. முதல் கேள்விக்கு: ஒன்று. 1852-ல் வெளிப்படையாக அறிவித்த பலதார மணத்தை 1890-ல் நிறுத்துவதாகச் சொன்னார்கள், 1904-ல் இன்னும் கண்டிப்பாக. இன்று செய்தால் சபையை விட்டு நீக்குவார்கள். டிவியில் பார்ப்பது பிரிந்துபோன வேறு குழுக்கள்.

---

வெளியே_வந்தவர்_மனைவி
10 அக்டோபர் 2024, மாலை 4:02

நெறியாளருக்கு ஒரு திருத்தம். பூமியில் ஒன்றுதான். மனைவி இறந்த பிறகு மறுமணம் செய்யும் ஆண் இரண்டாவது மனைவியோடும் டெம்பிள் முத்திரை போட்டுக்கொள்ளலாம், முதல் முத்திரையும் அழியாது. உயிரோடு இருக்கும் பெண் அப்படி இரண்டு பேரோடு போட்டுக்கொள்ள முடியாது. என் நாத்தனார் அந்த "இரண்டாவது". மேலே போனால் என்ன ஏற்பாடு என்று அவள் கேட்பதே இல்லை, பேச்சை மாற்றிவிடுவாள்.

---

பழைய_ஊட்டாக்காரன்
10 அக்டோபர் 2024, இரவு 9:15

வசந்தி அம்மா, உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒன்று கேட்கலாமா? மகன் உங்கள் முன்னோர் பெயர்களைக் கேட்டானா? கேட்டிருப்பான். வம்சாவளி அவர்களுக்கு உயிர். சால்ட் லேக் பக்கத்தில் ஒரு மலையைக் குடைந்து நுண்படச் சுருள்களாக ஆவணங்களை வைத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் என்ற அவர்களுடைய வம்சாவளித் தளத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் டெம்பிளில் ஞானஸ்நானம் எடுப்பார்.

---

மதுரை_வசந்தி
11 அக்டோபர் 2024, காலை 5:50

கேட்டான். என் மாமனார் பெயருக்கு. பிறந்து 110 வருடம் ஆகாதவர் என்றால் நெருங்கிய உறவின் அனுமதி வேண்டுமாம். அதனால் அவன் அப்பாவிடம் போனில் கேட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வெடிக்கப்போகிறது என்று. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் மூன்று தலைமுறைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற மனிதர்.

"அவருக்கு இஷ்டமில்லை என்றால்?" என்று கேட்டார். இஷ்டமிருந்தால் ஏற்கலாம், இல்லாவிட்டால் மறுக்கலாம், அது அந்த ஆத்மாவின் முடிவு என்றான் மகன். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, செய்துகொள். உயிரோடு இருந்தபோதே யார் பேச்சையும் கேட்காதவர், அங்கே போயா கேட்கப்போகிறார்?" என்றார்.

மகனும் சிரித்தான், இவரும் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

---

ஜெபா_நெல்லை
11 அக்டோபர் 2024, காலை 7:30

நொய்யல்கரை தம்பி, முந்தாநாள் நான் எழுதியதில் விஷயம் மாறவில்லை, ஆனால் எழுதிய விதம் சரியில்லை. மன்னிக்கவும். வசந்தி அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

---

கவிதா_லேஹி
20 அக்டோபர் 2024, இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்து தட்டுக்கு அடியிலும் பேப்பர் டேப் ஒட்டிப் பேனாவில் குடும்பப் பெயர் எழுதியிருந்தது, நம் கல்யாணச் சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரி. எல்லாவற்றிலும் கேசரி போட்டு நானும் பெண்ணும் வீடு வீடாகக் கொடுத்தோம். ஒரு வீட்டில் பிள்ளைகள் ஆரஞ்சுக் கலரைப் பார்த்துவிட்டு ஜெல்லோ (இந்த ஊர் ஜெல்லி) என்று நினைத்து ஓடிவந்தார்கள். திங்கட்கிழமை போகவில்லை, ஊட்டாக்காரர் புண்ணியம்.

பையன் புதன்கிழமை போனான். மூன்று மணி நேரம் கழித்துச் சட்டை நனைந்து வந்தான். "ஜெபம் பண்ணினாயா?" என்றேன். "கண்ணை மூடினேன், பசித்தது" என்றான்.

இரண்டு மிஷனரிப் பையன்கள் வந்தார்கள், வெள்ளைச் சட்டை, பெயர்ப்பட்டை. எங்களுக்கு எங்கள் சாமி போதும் தம்பி, ஆனால் சாப்பிட வாருங்கள் என்றேன். வந்தார்கள். ஆளுக்கு எட்டு தோசை. ஒருவனுக்கு இன்னும் மீசைகூட முளைக்கவில்லை, அம்மா ஞாபகமாக இருக்கிறதா என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சட்னி கேட்டான்.

மிச்சக் கேசரியை மூலை வீட்டுப் பெரியவருக்குக் கொண்டுபோனேன். பேசிப் பார்த்தால் அவரும் இந்த வார்டிலேயே பிறந்தவர், பதினோரு வருடம் முன்பு வெளியே வந்தவர். பனிக்காலத்தில் காலை எழுந்து பார்ப்பதற்குள் யாரோ வாசல் பனியை வாரிவிட்டுப் போயிருப்பார்களாம், ஒரு வருடம்கூடத் தவறியதில்லையாம். "ஆனால் யாரும் பெல் அடிப்பதில்லை" என்றார். மறுநாள் ஃபில்டர் காபி போட்டு ஃபிளாஸ்கில் எடுத்துப்போனேன். இரண்டு டம்ளர் குடித்தார். கடைசியில் ஊட்டாவில் என் காபிக்கு ஓர் ஆள்.

இப்போது புதுக் கேள்வி. எதிர்வீட்டில் நேற்று ஐந்தாவது குழந்தை பிறந்திருக்கிறது. பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன், வியாழக்கிழமை கொடுத்திருக்கிறார்கள். ஏழு பேருக்கு, காரம் கூடாது. என்ன செய்யட்டும்?

---

மதுரை_வசந்தி
21 அக்டோபர் 2024, காலை 5:40

தேங்காய்ப்பால் சாதம் பண்ணு. பச்சை மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிடு. உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி மிளகு மட்டும் போட்டு ரோஸ்ட். பெற்றவளுக்குத் தனியாகப் பூண்டுக் குழம்பு கொஞ்சம் அனுப்பு, சாப்பிட்டால் சாப்பிடட்டும். தட்டுக்கு அடியில் உன் பெயரை ஒட்ட மறக்காதே.

---

சோடா_ராஜா
21 அக்டோபர் 2024, காலை 8:12

மேலே கொஞ்சம் கார்ன்ஃபிளேக்ஸ் தூவிவிடுங்கள். ஊர் வழக்கம்.